கிணற்றிலிருந்து ஒரு பாடம்

“பேய் இங்கிலீஷ்ல பேசுது, தம்பி” என்றார் விருமாண்டி.

சொல்லி முடித்ததும் தும்மினார். அது பயத்தில் வந்த தும்மல் இல்லை. கருத்தக்கண்ணனின் துப்பறியும் அலுவலகம் சிம்மக்கல்லில் ஒரு வத்தல் மண்டிக்கு மேலே இருந்தது. படியேறி வருகிற எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் நாற்காலியில் உட்காருவார்கள். துக்கத்தில் அழுகிறவர் யார், மிளகாயால் அழுகிறவர் யார் என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி வேலை என்பான் உதவியாளன் சோலை.

“தமிழ்ப் பேயா இருந்தா பூசாரிகிட்ட போயிருப்பீக. இங்கிலீஷ் பேய்ங்கவும் எங்க படியேறிட்டீக” என்றான் சோலை இப்போது.

விருமாண்டி சிரிக்கவில்லை. சமயநல்லூருக்கு அப்பால் ரோட்டோரம் அவருக்குச் செங்கல் சூளை இருந்தது. வெள்ளை வேட்டியின் கரையில்கூடச் செம்மண் ஏறியிருந்தது. அவருடைய ஜீப் டிரைவர் வெள்ளைத்துரை உள்ளே வராமல் வாசல்படியிலேயே நின்றான். முப்பது வயதிருக்கும். பல நாள் தூங்காதவனைப் போலக் கண்கள் உள்ளே போயிருந்தன.

“விவரமாச் சொல்லுங்கண்ணே” என்றான் கருத்தக்கண்ணன். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்துகளை விசாரித்து விசாரித்து, ஒருவர் பேசும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் கைகளைப் பார்க்கும் பழக்கம் அவனுக்கு வந்திருந்தது.

“சூளைக்கு அடுத்தாப்ல ஒரு ஓட்டு வீடு. அதுல ஆண்டிச்சாமி வாத்தியாருன்னு ஒருத்தர் தனியா இருந்தாரு. இங்கிலீஷ்ல பெயிலாகுற பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பாரு. ஐப்பசியில வீட்டுக் கிணத்துல விழுந்து செத்துப்போனாரு. தவறி விழுந்துட்டாருன்னு கேஸையும் முடிச்சுட்டாக.”

சோலை எழுதுவதை நிறுத்தினான்.

“இப்ப அந்தக் கிணத்துக்குள்ள இருந்து அவர் குரல் வருது. பொழுது சாயுற நேரத்துல. அவர் உசுரோட இருந்தப்ப எப்படிப் பேசுவாரோ, அச்சு அசலா அப்படியே. வீட்டைத் தொறந்து பாத்தோம், கிணத்தையும் பாத்தோம். ஒண்ணுமில்ல. என் வேலையாளுக அஞ்சு மணிக்கு மேல ஒருத்தரும் நிக்க மாட்டேங்குறாக.”

“நீங்க அவரைக் கடைசியா எப்பப் பாத்தீக?”

“அவரு சாகுறதுக்கு முன்னாடியே அவரைப் பாத்து மாசக்கணக்காச்சு. அடுத்த வீட்டுக்காரர், அம்புட்டுதான்.” மடியில் இருந்த கை, துண்டின் முனையைச் சுருட்டிக்கொண்டே இருந்தது. “ஒண்ணே ஒண்ணு தம்பி. எதைப் புடிச்சாலும் என்கிட்டதான் முதல்ல காட்டணும். ஊர்ல யாருக்கும் தெரிய வேணாம்.”

அவர் இறங்கிப் போனதும் சோலை ஜன்னலோரம் நின்றான். கீழே ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

“என்ன மாப்ள, பேச்சைக் காணோம்?”

“அவர்கிட்டதாண்ணே நான் படிச்சேன்” என்றான் சோலை. “இங்கிலீஷ்ல மூணு தடவை ஊத்திக்கிட்டு, நாலாவது தடவை அவராலதான் தேறினேன். செத்துப்போனது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லல.”

*

மறுநாள் சாயங்காலம் கருத்தக்கண்ணனின் பழைய ராஜ்தூத் பைக் சமயநல்லூரைத் தாண்டியபோது மழை விட்டு வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. கார்த்திகை மாதம். சூளைக்காரர்கள் மண் எடுத்த பள்ளங்கள் ரோட்டின் இடப்பக்கம் வரிசையாக, தண்ணீர் நிரம்பிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம் விழுந்து கிடந்தது. சூளைப் புகை மேலே போக மனமில்லாமல் தரையோடு தரையாகப் படர்ந்தது.

வேலையாட்கள் போய்விட்டிருந்தார்கள். நாய்கூட இல்லை.

வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு இரண்டு பேரும் வரப்பில் கால் வைத்த நேரத்தில் குரல் வந்தது.

ஒரு வயதான ஆணின் குரல். பூமிக்குள் இருந்து வருவதுபோல், எதிரொலியோடு, மெதுவாக வந்தது. ஒரு வாக்கியம். கொஞ்ச நேரம் மௌனம். மறுபடி அதே வாக்கியம். ஆனால் சொற்கள் இழுபட்டன. தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கிற ஒருவர் வாயைத் திறந்தால் எப்படி இருக்குமோ அப்படிக் குழறி, கனத்து, நீண்டு வந்தன. அதில் ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்பத் தலையைத் தூக்கியது. கலெக்ட். கலெக்ட்.

சோலையின் கை கருத்தக்கண்ணனின் தோளைப் பற்றியது. “சார்தாண்ணே.”

“ஓடு.”

ஓட முடியவில்லை. பள்ளங்களுக்கு நடுவே வழுக்கும் களிமண் வரப்பு. சுற்றிக்கொண்டு அவர்கள் வீட்டின் பின்பக்கம் வந்து சேருவதற்குள் குரல் நின்றுவிட்டது. கிணற்றில் கறுத்த தண்ணீர் மட்டும் அசைவில்லாமல் கிடந்தது. கைப்பிடிச் சுவரில் வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. சற்றுத் தள்ளி, கதவு சாத்திய ஒரு மோட்டார் ரூம் இருந்தது. அதற்குப் பின்னால் ஒரே சோளக்காடு.

சோலை கிணற்றை எட்டிப் பார்க்காமல் நின்றான். “எனக்கு இலக்கணம் சொல்லிக்குடுத்த குரல்ணே. இப்ப அந்தக் குரலே சரியா வரல அவருக்கு.”

கருத்தக்கண்ணன் கிணற்று உருளையை விரலால் தள்ளிவிட்டான். அது சத்தமே இல்லாமல் சுற்றியது. விரலை மூக்கருகே கொண்டுபோனான்.

“விளக்கெண்ணெய்” என்றான். “ஆள் செத்த கிணறு. ஒருத்தரும் தண்ணி எடுக்குறதில்ல. உருளைக்கு எண்ணெய் போட்டது யாரு?”

“பேய்க்குக் கீச்சுனு சத்தம் கேட்டாப் பயமா இருக்குமோ என்னவோ.”

சோலைக்கு வாய் திரும்பிவிட்டது என்று கருத்தக்கண்ணனுக்குக் கொஞ்சம் நிம்மதி. “குரல் இழுத்துச்சுல்ல மாப்ள. உங்க சார் குரல் எப்பவும் அப்படியா?”

“இல்லண்ணே. கணீர்னு இருக்கும்.”

“நீ பாட்டுக் கேக்குற டேப் ரெக்கார்டர் எப்ப அப்படி இழுக்கும்?”

சோலை அவனையே பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். “பேட்டரி கட்டை தீந்துபோனா.”

“வாளியில வச்சு உள்ள இறக்கிருக்காக. கிணறு குரலைப் பெருசாக்கி ரோடு வரைக்கும் அனுப்புது. நாம ஓடி வாரதுக்குள்ள தூக்கிக்கிட்டுச் சோளத்துக்குள்ள பூந்தாச்சு. நாளைக்குக் குரல் வரணும்னா புதுக் கட்டை வேணும். பக்கத்துல எத்தனை கடை இருக்கு?”

“பஸ் நிறுத்தத்துல ஒரே ஒரு பெட்டிக்கடை.”

“அப்ப நாளைக்குப் பேய் கடைக்கு வரும்” என்றான் கருத்தக்கண்ணன்.

*

பேய் மத்தியானம் வந்தது. தலையில் சும்மாடு, முகம் முழுக்கச் செங்கல் தூசி. நாற்பது வயதுக்குள் இருக்கும். வேலை இடைவேளையில் ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. கடையின் பின்பக்க பெஞ்சில் கலர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரை அவள் பார்க்கவில்லை.

“பெரிய பேட்டரி கட்டை நாலு குடுங்கண்ணே.”

“ஏன் மலையம்மா, உங்க வீட்டுல டார்ச் லைட்டே கிடையாதே” என்றார் கடைக்காரர். “இம்புட்டு கட்டையை வச்சு என்னதான் பண்ற?”

அவள் கட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். சூளையை நோக்கித்தான் போனாள்.

“இந்தக் கேஸ் இம்புட்டுச் சீக்கிரம் முடியும்னு நெனக்கலண்ணே” என்றான் சோலை. “அந்தா போறான்ல, விருமாண்டி ஆளு. அவன்கிட்ட, இன்னைக்குச் சாயந்தரம் மொதலாளி வந்தா பேயைக் காட்டுறோம்னு சொல்லிவிட்டுட்டேன்.”

கருத்தக்கண்ணன் முகம் சுளித்தான். “யாரு சொல்லச் சொன்னது?”

“ஏண்ணே, அவர்தானே நம்மளக் கூப்பிட்டது.”

“அவரு எதுக்குக் கூப்பிட்டாருன்னு எனக்கு இன்னும் புரியல” என்றான் கருத்தக்கண்ணன்.

*

பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்பே அவர்கள் மோட்டார் ரூமுக்குள் போய்க் காத்திருந்தார்கள். சோளத்தட்டைகள் உரசும் சத்தம். கதவு திறந்தது. கையில் நார்ப்பெட்டியோடு நின்ற மலையம்மாள் அவர்களைப் பார்த்ததும் கத்தவில்லை. பெட்டியை மட்டும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

“மொதலாளி அனுப்பிச்சாகளா?” என்றாள்.

அவள் அந்தக் கேள்வியைக் கேட்ட விதத்திலேயே கருத்தக்கண்ணனுக்குப் பாதி புரிந்துவிட்டது. “அவருதான் அனுப்பினாரு. ஆனா நீங்க சொல்றதைக் கேட்டுட்டுத்தான் நான் அவருகிட்டப் பேசுவேன். இவன் வாத்தியார்கிட்டப் படிச்சவன்.”

அவள் சோலையை வெகுநேரம் பார்த்தாள்.

“அப்ப உனக்கு இங்கிலீசு தெரியும்ல, தம்பி?”

“கொஞ்சம் தெரியும்க்கா.”

“உன்னை மாதிரி ஒருத்தர் வரணும்னுதானே தெனமும் போடுறேன்” என்று சொல்லிவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

பிறகு சொன்னாள். அவள் புருஷன் பெயர் கருப்பு. சூளையில் மண் வெட்டுகிறவன். கோடையில் ஒருநாள் வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. கேரளாவுக்கு ஓடிவிட்டான், கூட ஒருத்தியும் போயிருக்கிறாள் என்றார் முதலாளி. ஊரும் நம்பியது.

“சட்டையை வேப்ப மரத்துக் கொப்புல மாட்டிட்டுத்தான் குழிக்குள்ள இறங்குவாக. அந்தச் சட்டை மரத்துலயே கெடந்துச்சய்யா. சட்டை போடாம ஒரு ஆம்பள கேரளாவுக்கு ஓடுவானா? கேட்டா, என்னைப் பைத்தியக்காரிங்கறாக.”

கேட்டு நம்பியது ஒருவர்தான். அவர் வீட்டில் அவள் வாசல் தெளித்து, முற்றம் கூட்டுவாள். கலெக்டருக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன், நானே கூட வருகிறேன் என்றார் ஆண்டிச்சாமி. எழுதிச் சட்டைப் பையில் வைத்தார். மறுநாள் போவதாக இருந்தது. மறுநாள் அவரைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். சட்டைப் பையில் எதுவும் இல்லை.

“ஆனா மனுவை அவரு இதுலயும் பேசி வச்சிருக்காரு” என்று நார்ப்பெட்டியைத் திறந்தாள். உள்ளே பழந்துணியில் சுற்றிய டேப் ரெக்கார்டர். “அன்னைக்கு மத்தியானம் அவரு பேசிப் பதியும்போது நான் முத்தத்துலதான் இருந்தேன். கலெக்டரு கலெக்டருன்னு எத்தனை தடவை சொன்னாரு. அவரைத் தூக்கிட்டுப் போன அன்னைக்கு எல்லாரும் வாசல்ல நிக்கவும், இதை எடுத்துச் சீலைக்குள்ள மறைச்சுட்டேன். யாருகிட்டக் குடுக்குறது? குடுத்தா மொதலாளி கைக்குத்தான் போகும். அதான் ரோட்டுக்குக் கேக்குற மாதிரி போட்டேன். இங்கிலீசு தெரிஞ்சவுக ஒருத்தராச்சும் இந்த வழியா போகாமலா இருப்பாக.”

சோலை புதுக் கட்டைகளைப் போட்டு, கேசட்டை முதலிலிருந்து சுற்றி, பொத்தானை அழுத்தினான்.

குரல் கணீரென்று வந்தது. இப்போது எதிரொலி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது. நடுவே ஒருமுறை இருமினார். எங்கோ ஒரு காகம் கத்தியது. செத்துப்போன அந்த மத்தியானம் அப்படியே அந்தச் சின்ன அறைக்குள் வந்து நின்றது. மலையம்மாள் கைகூப்பிக் கேட்டாள். சோலை கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

சத்தம் முடிந்து கேசட் வெறுமனே சுற்றியது. சோலை அதை நிறுத்தினான். கருத்தக்கண்ணனைப் பார்த்தான்.

“சொல்லு.”

“அக்கா...” என்றான் சோலை. “இது மனு இல்லக்கா. பாடம்.”

“என்ன பாடம்?”

“சார் கலெக்டர்னு சொல்லல. கலெக்ட்னு சொல்றாரு. அது ஒரு வினைச்சொல். சேர்க்கிறதுன்னு அர்த்தம். அதை எப்படியெல்லாம் பயன்படுத்தலாம்னு பிள்ளைகளுக்குப் பதிஞ்சு வச்சிருக்காரு.”

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. அவள் முகத்திலிருந்து எதுவோ வடிந்து போவதைச் சோலையால் பார்க்க முடியவில்லை.

“அப்ப உங்க அண்ணனைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையா அதுல?” அவள் புருஷனைத்தான் அப்படிச் சொன்னாள். “இத்தனை நாளா நான் ஊருக்கு வாய்ப்பாடா சொல்லிக்கிட்டு இருந்தேன்?”

வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. கருத்தக்கண்ணன் மட்டும் டேப் ரெக்கார்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ஒண்ணுதானா, மாப்ள?”

“இல்லண்ணே, அதுக்குத்தானே பாடமே. ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஒரு வாக்கியம் சொல்லிருக்காரு.”

“அந்த வாக்கியமெல்லாம் எங்க இருந்து வந்துச்சு?”

சோலையின் முகம் மாறியது.

“அண்ணே, சார் ஒருநாளும் உதாரணத்தைக் கற்பனையாச் சொல்ல மாட்டாரு. பொய் சொல்லி மொழி படிக்கக் கூடாதும்பாரு. நான் லேட்டா போனா, அன்னைக்கு உதாரணமே ‘சோலை தாமதமாக வந்தான்’தான். அவரு கண்ணு முன்னாடி அன்னைக்கு என்ன நடந்துச்சோ அதை மட்டும்தான் சொல்லுவாரு.”

“முதல் வாக்கியம்?”

“‘மலையம்மாள் சுள்ளி பொறுக்குகிறாள்.’ பொறுக்கிச் சேர்க்கிறது. இது கலெக்ட்.”

“ஆமா” என்றாள் மலையம்மாள் மெல்ல. “அவரு பேசுறப்ப நான் சுள்ளிதான் பொறுக்கிக்கிட்டு இருந்தேன். என் பேரு வரவுந்தான் மனுன்னு நெனச்சேன்.”

“ரெண்டாவது?”

“தண்ணி தேங்குறதுக்கும் அதே சொல்தாண்ணே. ‘சூளையின் எல்லாக் குழிகளிலும் மழைத் தண்ணீர் தேங்குகிறது. வேப்ப மரத்தடிக் குழியில் மட்டும்...’” சோலையின் குரல் தாழ்ந்தது. “‘...தேங்குவதில்லை.’”

தண்ணீர் தேங்காத குழி என்றால் மூடிய குழி. மற்றக் குழிகளை எல்லாம் திறந்தே போட்டுவிட்டு அந்த ஒன்றை மட்டும் மூடியிருக்கிறார்கள்.

மலையம்மாளின் கை தன் வாயைப் பொத்தியது.

“மூணாவது?” என்றான் கருத்தக்கண்ணன், மிக மெதுவாக.

“ஒரு ஆளை வந்து கூட்டிட்டுப் போறதுக்கும் கலெக்ட்னு சொல்லலாம். ‘இன்று ஐந்து மணிக்கு ஒரு ஜீப் வந்து என்னை அழைத்துப் போகும்.’”

“இந்தப் பக்கம் ஜீப் யாருகிட்ட இருக்கு?”

“மொதலாளிகிட்ட மட்டுந்தான்” என்றாள் மலையம்மாள்.

மாசக்கணக்காக அவரைப் பார்க்கவே இல்லை என்று சொன்ன முதலாளி. ஜீப் என்கிற சொல்லைப் புரிந்துகொள்ள யாருக்கும் இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை. ரோட்டில் போகும்போது அது அவர் காதில் விழுந்திருக்கும்.

“கடைசி வாக்கியம் என்ன, மாப்ள?”

“‘அது வருவதற்குள் நான் என்னைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும்.’ செதறிப்போன மனசைச் சேத்துக்கிறது. அதுவும் கலெக்ட்தான்.” சோலை கண்ணைத் துடைத்துக்கொண்டான். அங்கே வத்தல் மண்டி எதுவும் இல்லை. “பயந்துபோய்த்தாண்ணே இருந்திருக்காரு. இருந்தும் பாடத்தை முடிச்சிருக்காரு.”

மண் ரோட்டில் ஜீப் திரும்பும் சத்தம் கேட்டது.

சோலை கதவிடுக்கில் பார்த்தான். “நான்தாண்ணே வரச் சொன்னேன்.”

“நீ அவுகளோட உள்ளயே இரு. கதவைத் தொறக்காத” என்று சொல்லிவிட்டுக் கருத்தக்கண்ணன் வெளியே போனான்.

*

விருமாண்டி முன்னால் வந்தார். வெள்ளைத்துரை ஜீப் பக்கத்திலேயே, கிணற்றுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

“புடிச்சுட்டீகளாம்ல.”

“பேயெல்லாம் இல்லண்ணே. டேப் ரெக்கார்டர். வாளியில வச்சு இறக்கிருக்காக.”

“யாரு வச்சது?”

“நீங்க ஆச்சரியப்படவே இல்லையேண்ணே. டேப் ரெக்கார்டரான்னுகூடக் கேக்கல. யாருன்னுதான் கேக்குறீக.” கருத்தக்கண்ணன் கிணற்றுச் சுவரில் சாய்ந்துகொண்டான். “நீங்க தேடுனது பேயை இல்ல. ஆளை.”

விருமாண்டியின் கை துண்டை விட்டது. “தம்பி, உங்களுக்கு நான் சொன்ன வேலை அம்புட்டுதான். ஆளைக் காட்டிட்டு வண்டியை எடுங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்.”

“வாத்தியாரைப் பாத்துக்கிட்ட மாதிரியா?”

“உங்ககிட்ட என்ன இருக்கு?” விருமாண்டியின் குரல் உயரவில்லை. “செத்தவன் எடுத்த பாடம் ஒண்ணு இருக்கும். அதைக் கொண்டுபோய் எந்தக் கோர்ட்டுல போடுவீக?”

அவர் சொன்னது சரி. கருத்தக்கண்ணனுக்கும் அது தெரியும். இலக்கண வாக்கியங்களை வைத்து ஒரு மனிதனைக் கைது செய்ய முடியாது. விருமாண்டி அவனைத் தாண்டி மோட்டார் ரூமைப் பார்த்தார். ஒரு அடி எடுத்து வைத்தார்.

அப்போது உள்ளிருந்து குரல் வந்தது.

சோலை பொத்தானைத் தொடவில்லை. மலையம்மாள்தான் கேசட்டைத் திருப்பிச் சுற்றி அழுத்தினாள். அழுத்தியதோடு, தடுத்த சோலையின் கையை விலக்கிக் கதவையும் திறந்தாள். டேப் ரெக்கார்டரை இரண்டு கையாலும் முன்னால் ஏந்திக்கொண்டு இருட்டிலிருந்து வெளியே வந்தாள். ஆண்டிச்சாமியின் குரல் கிணற்றில் மோதித் திரும்பி, பள்ளங்களின் தண்ணீர் மேல் பரவியது. சுள்ளி. மழைத் தண்ணீர். பிறகு, நிதானமாக, இரண்டு முறை, ஜீப்.

விருமாண்டி அசையாமல் நின்றார். ஆனால் அவருக்குப் பின்னால் வெள்ளைத்துரை தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“நான்தான் கூட்டிட்டுப் போனேன்” என்றான், யாரையும் பார்க்காமல். “காலையில நான்தான் போய்ச் சொன்னேன், அஞ்சு மணிக்கு வாரேன் சார்னு. சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு ரெடியா நின்னாரு.”

“எந்திரிடா” என்றார் விருமாண்டி.

“சூளை ஆபீஸ்ல வச்சுப் பேசினாக. மனுவைக் கேட்டாரு இவரு. அவரு குடுக்கல. திருப்பிக் கொண்டாந்து இதே எடத்துலதான் இறக்கிவிட்டோம். நீ வண்டியிலயே இருன்னாரு. இருந்தேன். கிணத்துல சத்தம் கேட்டுச்சு.”

“வெள்ளைத்துரை.”

“தெனமும் அந்தச் சத்தம் கேக்குது மொதலாளி. இந்தக் குரல்கூடப் பரவாயில்ல.” அவன் மலையம்மாள் பக்கம் திரும்பினான், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. “உன் வீட்டுக்காரரு குழியில நிக்கும்போது கரை சரிஞ்சுருச்சு. தோண்டி எடுத்தா கேஸாகும்னு மண்ணைப் போட்டு மூடச் சொன்னாரு. டிராக்டரை நான்தான் ஓட்டினேன். உள்ள சத்தம் வந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது. டிராக்டர் சத்தத்துல எதுவும் கேக்கல.”

கேசட் முடிந்து நின்றது.

விருமாண்டி ஜீப்பை நோக்கி வேகமாக நடந்தார். வெள்ளைத்துரை எழுந்து, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, அவர் கண் முன்னால் கிணற்றுக்குள் போட்டான். கீழே தண்ணீர் ஒரே ஒரு முறை சத்தம் போட்டது.

அவர் நடந்தே போகத் திரும்பினார். வரப்பிலும் ஜீப் வந்த பாதையிலும் ஆட்கள் நின்றார்கள். குரல் கேட்டால் ஓடுகிறவர்கள்தான். ஆனால் இன்று குரலோடு மலையம்மாளும் கிணற்றடியில் நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்து, ஒருவர் பின் ஒருவராக வந்திருந்தார்கள். கல் அறுக்கிறவர்கள், மண் சுமக்கிறவர்கள். வெள்ளைத்துரை சொன்னது அவர்கள் காதில் விழுந்திருந்தது. யாரும் கை ஓங்கவில்லை. திட்டவில்லை. வழி மட்டும் விடவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தண்ணீர் நிரம்பிய பள்ளம். விருமாண்டி நடுவில் நின்றார்.

கருத்தக்கண்ணன் சோலையிடம் ராஜ்தூத் சாவியைக் கொடுத்தான். “ஸ்டேஷனுக்குப் போ. யாரும் கெளம்ப மாட்டேன்னா நேரா கலெக்டர் பங்களாவுக்குப் போ. எழுப்பியாச்சும் கூட்டிட்டு வா.”

*

மறுநாள் விடிந்து வெயில் ஏறியபோது அதிகாரிகள் முன்னிலையில் வேப்ப மரத்தடியில் தோண்டினார்கள். அந்த இடம் மற்ற நிலத்தைவிடக் கெட்டியாக, வழவழப்பாக இருந்தது. சூளையிலிருந்து லாரிக்குக் கல் சுமக்கிற பாதை அதன் மேல்தான் போயிற்று. வெள்ளைத்துரை விலங்கோடு நின்று, இன்னும் கொஞ்சம் கிழக்கே, இன்னும் கொஞ்சம் என்று காட்டினான்.

மண்வெட்டி நின்றது. தோண்டியவர்கள் கையால் மண்ணை விலக்கத் தொடங்கினார்கள். முதலில் இடுப்பில் கட்டியிருந்த கறுப்புக் கயிறு தெரிந்தது. அதில் கோர்த்த தாயத்தும் தெரிந்தது.

பக்கத்தில் வர வேண்டாம் என்று ஒரு அதிகாரி மலையம்மாளைத் தடுத்தார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் விலகி நின்றார். குழியின் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டு மெல்ல இறங்கினாள். அழவில்லை. குனிந்து பார்த்தாள். பிறகு, வேலையிலிருந்து தாமதமாக வீட்டுக்கு வந்தவனைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

“இம்புட்டுப் பக்கத்துலயா இருந்தீக? நான் தெனமும் கல்லைச் சொமந்துக்கிட்டு உங்க மேலதானே நடந்தேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

மண்டியிட்டு உட்கார்ந்து, விரல்களால் அவன் தலைமாட்டில் இருந்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்க ஆரம்பித்தாள். மேலே நின்றவர்களில் ஒருவர்கூட அவளை அவசரப்படுத்தவில்லை.